ஒழுகல் பதிவேடு

எனக்குச் சாம்பல் புதிதில்லை.
அனல்மின் நிலையத்திலிருந்து சாம்பல் குளம் வரை
நாலரை கிலோமீட்டர் இரும்புக் குழாய்,
அதன் ஓரமாய் நடப்பதுதான் வேலை.
எந்தத் தூணருகே வெல்டிங் விட்டிருக்கிறது,
எங்கே சேறு பீய்ச்சுகிறது
பார்த்து எழுத வேண்டும்.
பதினோரு வருடமாய்
மூக்கைச் சிந்தினால் சாம்பல்,
தேசிங்கின் சோற்று டப்பா மூடியில் சாம்பல்,
மகளின் ஜாமெட்ரி பாக்ஸில்கூட.

இது வேறு.

சித்திரை பிறந்து நாலாம் நாள்
அத்திப்பட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே
சீமைக்கருவேலங்காடு பிடித்துக்கொண்டது.
பீடி என்றார்கள்.
செம்புக்கு ஒயர் கொளுத்தினவன் என்றார்கள்.
வெயில் என்றேன் நான், யாரும் கேட்கவில்லை.
மணலியிலிருந்து வந்த இரண்டு வண்டியில்
ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது.
கும்மிடிப்பூண்டி லோக்கலில் போனவர்கள்
ஒரு கையால் மூக்கைப் பொத்தி
மறு கையால் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

மூன்றாம் நாள் உள்ளே விட்டார்கள்.
செருப்புக்கடியில் இன்னும் சூடு.
அழுதுவிடுவேனோ என்று பயந்துதான் போனேன்.
அந்த முள்ளை நான் நேசித்தவனில்லை,
முழங்காலில் தழும்பிருக்கிறது.
என்றாலும் கீரிகள் இருந்தன.
ஒரு ஜோடி நரி என்று
தேசிங்கு சத்தியம் பண்ணுவான்.

அழவில்லை.
முதலில் தெரிந்தது தூரம்.
பதினோரு வருடம் நடந்த அதே இடத்திலிருந்து
முதல்முறையாகக் கழிமுகம்,
அதில் ஒரு படகு,
படகில் எழுந்து நின்று ஒண்ணுக்குப் போகிற ஓர் ஆள்.
அவனுக்கும் என்னைத் தெரிந்தது.
கையை ஆட்டினேன்.
வேலையை முடித்துவிட்டு அவனும் ஆட்டினான்.

பிறகு கோடுகள்.
கருப்புக்குள் நேர்நேராய் வரப்பு,
பாத்தி பாத்தியாய், ஒரு மடை, இன்னொரு மடை.
"உப்பளம்டா" என்றான் தேசிங்கு.
இத்தனை காலம் முள் பொத்தி வைத்திருந்த உப்பளம்,
சிலேட்டில் பாதிக் கணக்கோடு
யாரோ சாப்பிட எழுந்து போனதுபோல.
மடை ஓரத்தில் உப்பு பூத்திருந்தது,
தீ என்று ஒன்று வந்ததையே
கேள்விப்படாத வெள்ளை.

நின்றபடியே கரியாகிவிட்ட மரத்தை
விரலால் சுண்டினேன்,
கண்ணாடி வளையல் சத்தம்.
ஒரு குவார்ட்டர் பாட்டில்
இடுப்பு இளகிப் படுத்திருந்தது,
அதன் வயிற்றுக்குள் கொஞ்சம் பச்சை வெயில்.
உண்ணிக்கொக்குகள்
வறுபட்ட வெட்டுக்கிளியைப் பொறுக்கிக்கொண்டு
கருப்பின்மேல் அவ்வளவு சுத்தமாய் நடந்தன,
கால் சுடாதோ என்று எனக்குத்தான் கூசியது.

"இன்னாடா சும்மா நின்னுகினு கீற?"
சொல்லத் தெரியவில்லை.

எங்கள் குழாய்ச் சாம்பலில்
ஒரு புல் முளைத்து நான் கண்டதில்லை.
இந்தச் சாம்பலில் ஒன்பதாம் நாளே கோரை:
திருத்தணியில் மொட்டை போட்டு
ஒரு வாரமான தலைபோல, பச்சையாய்.
உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.
குத்தியது.

கரி பொறுக்கக் காட்டுக்குப்பத்துப் பெண்கள் வந்தார்கள்.
சகாயமேரியிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்:
அழகாக இருக்கிறது, இல்லை?
சாக்கை உதறிக்கொண்டே சொன்னாள்:
"வெளியே சொல்லி வைக்காத.
இப்படி வெட்டவெளியா கீதுன்னு தெரிஞ்சா
நாளைக்கே கன்டெய்னர் இறக்கிடுவானுங்க."
முகமெல்லாம் கரி.
சிரித்தாளா என்று தெரியவில்லை.

அவள் போன பிறகு
அந்த வெளியைப் பார்க்கவே
கொஞ்சம் பயமாக இருந்தது,
தாழ் போடாத வீட்டைப் பார்ப்பதுபோல.

பதிவேட்டில் இரண்டே கட்டம்.
தூண் எண். உண்டா, இல்லையா.
இருநூற்றுப் பதினான்கு: இல்லை.
இருநூற்றுப் பதினைந்தின் நிழலில்
வெறும் சாம்பல்மேல்
ஆள்காட்டிக் குருவியின் நாலு முட்டை,
சாம்பலின் நிறத்திலேயே, புள்ளி புள்ளியாய்.
மிதிக்கத் தெரிந்தேன்.

பேனாவைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன்.
பிறகு எழுதினேன்: இல்லை.

தலைக்குமேல் வட்டமடித்துக்கொண்டு
அதுதான் கத்திக் கத்தி
ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது.